கையில் ஒரு பட்டை

உதவித்தொகைக்கு விண்ணப்பித்த அன்றே ஜெபாவின் கையில் பட்டையை மாட்டிவிட்டார்கள். அடுத்தவர் கொடுத்து எதைச் சாப்பிட்டாலும் பட்டையில் அது வருமானமாகப் பதியும். வருமானம் கூடினால் கல்லூரி இல்லை.

எதிர்வீட்டு ஜொகரா அக்காவிடம் போய்ச் சொன்னாள்.

“முடிவு வர்ற வரைக்கும் எதுவும் குடுத்து விடாதீங்கக்கா.”

“பெருநாள் பிரியாணி கூடவா?”

“அதுவும்தான்.”

“அந்தப் பட்டைக்கும் ஒரு வாய் ஊட்டி விட்டா சும்மா இருக்காதா?” என்று அக்கா சிரித்தாள்.

பெருநாளன்று வாசனை மட்டும் வந்தது. காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வரவில்லை. மெல்ல மெல்ல அக்கா வருவதும் நின்றது. அம்மா வேலைக்குப் போனபின் ஜெபா சுவரைப் பார்த்துச் சாப்பிட்டாள்.

ஒரு மதியம் உதவித்தொகையோடு கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி வந்தது. படிப்பு முடியும்வரை பட்டையைக் கழற்றக் கூடாது என்றும் அதில் இருந்தது.

ஜெபா ஓடிப்போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“அக்கா, கெடச்சிருச்சு.”

உள்ளே காலடி கதவுவரை வந்து நின்றது.

“சந்தோஷம் புள்ள. பட்டையக் கழட்டிட்டாங்களா?”

“இல்லக்கா. கதவத் தொறங்க.”

“வேணாம். உன் மொகத்தப் பாத்தா எதையாவது ஊட்டிருவேன்.”