நடப்பவர் நின்றால்

இருபதாவது அடியிலேயே இடது கால் வலிக்க ஆரம்பித்துவிட்டது.

அவர் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. ஏட்டு முன்னால் நடக்கிறார், பின்னால் மோட்டார் சைக்கிள் வருகிறது. ஆயுதப்படை மைதானத்தில் நின்றவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தேர்வு பார்வைக்கு எளிது. அறுபது அடி. இரண்டு சுண்ணாம்புக் கோடுகள். முன்னால் ஒருவர் நடப்பார். வண்டி அவர் நடைக்கு வர வேண்டும். முந்தக் கூடாது. முட்டக் கூடாது. முக்கியமாக, கால் ஊன்றக் கூடாது. நடப்பவர் வழியில் ஒருமுறை நிற்கலாம். எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது எல்லாம் அவர் இஷ்டம்.

சுதந்திர தின அணிவகுப்பில் கலெக்டர் ஜீப்புக்கு முன்னால் ஏழு வண்டிகள் நடைவேகத்தில் போகும். அதற்குத்தான் மூன்று வாரமாகப் பயிற்சி. எண்பதில் பறக்கிற சூரர்கள் எல்லாம் வண்டியை மெதுவாக்கியதும் கோழி மாதிரி தரையைக் கிளறினார்கள். தட்டுத் தடுமாறி ஆறு பேர் தேறிவிட்டார்கள்.

ஏழாவது வண்டி ஒன்பது வருடமாக அவருடையது.

பத்து மாதத்துக்கு முன் விழுந்ததில் காலுக்குள் கம்பி வைத்தார்கள். சரியாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். இன்று பின்னால் ஓட்டி வருகிற இந்தப் பெண் தோற்றால் அந்த வண்டி மறுபடியும் அவருக்கு. தேறிவிட்டால் அவருக்கு இனி வாசல் காவல்தான்.

பெண்ணின் பெயர் முப்பிடாதி. வேலைக்கு வந்து இரண்டு வருடம். அவளைப் போல நாலு பேர் எடை இருக்கும் அந்த வண்டி.

முதல் வாரம் தடவைக்குத் தடவை கால் ஊன்றினாள். "எட்டுப் போடச் சொன்னா எட்டு எடுத்து வைக்கா" என்று மைதானமே சிரித்தது. அவரும்தான் சிரித்தார்.

இரண்டாவது வாரம் மற்றவர்கள் டீ குடிக்கப் போனபோது இவள் போகவில்லை. தனியாக எட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். முன் சக்கரத்தைப் பார்ப்பதை விட்டிருந்தாள். பார்வை திரும்புகிற பக்கம் வண்டி தானாகத் திரும்பியது. கொட்டகை நிழலில் இருந்து அதைப் பார்த்த அவருக்கு அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை.

நாற்பதாவது அடியில், தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே, தரை இடது பக்கம் லேசாகச் சரியும். மேலெல்லாம் சரளை. அங்கே நிறுத்தினால் எப்பேர்ப்பட்டவனும் ஊன்றிவிடுவான். நேற்று மாலையே முடிவு செய்துவிட்டார்.

நின்றார்.

நடப்பவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. அதனால் காதைத் தீட்டிக்கொண்டார். பதறுகிறவர்கள் முதலில் ஆக்சிலேட்டரை முறுக்குவார்கள். அடுத்து க்ளட்ச்சை முழுதாகப் பிடிப்பார்கள். அடுத்து பூட்ஸ் தரையில் விழும். இந்த வரிசை மாறி அவர் பார்த்ததில்லை.

முறுக்கவில்லை.

எஞ்சின் ஒரே சீராக ஓடியது. பின் பிரேக் லேசாகத் தேயும் ஓசை. க்ளட்ச் பாதியிலேயே இருக்கிறது. வண்டி இம்மி இம்மியாக வந்துகொண்டிருந்தது.

மூன்று. நான்கு.

அடி கள்ளி என்று நினைத்துக்கொண்டார். தாராளமாக இடைவெளி விட்டுத்தான் பின்னால் வந்திருக்கிறாள். ஏட்டையா எங்கே நிற்பார் என்று அவளும் யோசித்திருக்கிறாள்.

ஐந்து. ஆறு.

இந்தச் சரளையில் அவரே ஆறு எண்ணும்வரை ஊன்றாமல் ஓட்டியதில்லை. வயிறு எரிந்திருக்க வேண்டும். ஆனால் சந்தோஷமாக இருந்தது. என்ன ஓட்டு ஓட்டுகிறாள்!

ஏழு எண்ணும்போது அவருடைய இடது கால் மடங்கியது.

கெடுவான் கேடு நினைப்பான். சரிவு வண்டியை மட்டுமா இழுக்கும்? பூட்ஸ் சரளையில் கரகரவென்று இழுபட்டது. விழாமல் எப்படியோ நிமிர்ந்துவிட்டார்.

தேர்வை நடத்தும் எஸ்.ஐ. சந்தனராஜ் வலது பக்கம், கொட்டகையில் நின்றிருந்தார். மற்றவர்களும் அங்கேதான். எல்லோர் கண்ணும் வண்டி மேல்தான்; அவளுடைய இடது காலை வண்டி மறைத்திருந்தது. சத்தம் கேட்டது, புழுதி எழுந்தது.

"ஊனியாச்சு! முப்பிடாதி, வண்டிய ஓரங்கட்டு."

அவர் சும்மா நின்றால் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

பின்னால் எஞ்சின் சத்தம் மாறவில்லை.

அவள் "இல்லை ஐயா" என்று வாதாடவில்லை. கால் ஊன்றவும் இல்லை. முன்னால் இருப்பவர் இன்னும் நடக்கவில்லை. ஆகவே தேர்வு இன்னும் முடியவில்லை. அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். எஞ்சின் சூடு அவருடைய கெண்டைக்காலில் பட்டது.

இன்னும் நாலு விரல் இடைவெளி இருக்கலாம். அதுவும் போனால் முட்டிவிடும்.

அவர் காலை எடுத்து வைத்தார்.

திரும்பாமலே உரக்கச் சொன்னார்.

"ஐயா, அந்தப் பிள்ள இன்னும் ஊனல. இழுத்தது எங்காலு. என்னால நிக்க முடியல."



மீதி இருபது அடிக்கு அவர் எதையும் மறைக்கவில்லை. வலது கால் முன்னே போயிற்று. இடது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்து சேர்ந்தது. இரண்டு அடிக்கு ஒருமுறை மூச்சு வாங்கினார்.

அந்த நடைக்கும் வண்டி வந்தது.