பூனைக்காலின் சீடன்

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்த வங்கி மேனேஜர் திருடனாகிவிடுவார். படமே இல்லாமல் எழுத்திலேயே ஆடுகிற ஆன்லைன் விளையாட்டில்தான்.

இன்று எந்த வகைத் திருடன் என்று முடிவு செய்தாக வேண்டும். பூட்டுத் திறப்பவனா, ஜேப்படிக்காரனா, பேச்சுக் கொடுத்தே கறப்பவனா? ஒரு தடவை எடுத்தால் மாற்ற முடியாது. 'பூனைக்கால்' என்ற பெயரில் ஆடும் பழம் தின்று கொட்டை போட்ட ஆளிடம் கேட்டார்.

"அண்ணே, எனக்கு எது சரிப்படும்?"

"நிஜத்துல எதையாவது ஒளிச்சு வெச்சிருக்கியா தம்பி? அதைச் சொல்லு, உன் கைவரிசை எதுன்னு சொல்றேன்."

மேனேஜர் பெருமையோடு தட்டினார். "எனக்கு சர்க்கரை வியாதிண்ணே. வீட்டுக்காரி இனிப்பைக் கண்ணுல காட்ட மாட்டா. பழைய ஹெல்மெட்டுக்குள்ள சாக்லேட் டப்பா வெச்சிருக்கேன். எல்லாத்துக்கும் மூக்குல வேர்த்துடும் அவளுக்கு. இதுல மட்டும் ஏமாந்துட்டா."

"பலே. நீ பூட்டையே எடு."

"நீங்க எந்த வகைண்ணே?"

"பேச்சு."

"அதெல்லாம் ஒரு திருட்டாண்ணே?"

"இரு தம்பி, அடுப்புல பால் வெச்சிருக்கேன். வந்துடறேன்."

பூனைக்கால் வரவே இல்லை. பூட்டை எடுத்த சந்தோஷத்தில் ஒரு சாக்லேட்டை வாயில் போட்டுக்கொள்ளலாம் என்று மேனேஜர் எழுந்து போய், ஹெல்மெட்டுக்குள் கையை விட்டார். வெறும் பஞ்சுதான் தட்டுப்பட்டது.

பின்னால் மனைவி காபியோடு நின்றாள்.

"பால் கொஞ்சம் அடிப்பிடிச்சுடுச்சு. சர்க்கரை போடல," என்று டம்ளரை நீட்டினாள். "குடி தம்பி."