சர்வர் ஓடுகிறது

மஞ்சள்.

அவள் டீ டம்ளரை மேசையில் வைத்தாள்.

மறுபடி பச்சை.

திரை முழுக்கப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஓர் இணையதளம். ஓடினால் பச்சை, தடுமாறினால் மஞ்சள், நின்றால் சிவப்பு. நகைக்கடை, கல்லூரி, கல்யாண மண்டபம், பல் டாக்டர். கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு இவற்றைப் பார்ப்பதுதான் அவள் வேலை.

இன்று காலையிலிருந்து அவள் ஒரு புள்ளியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சென்னையில் வெள்ளம். மாட்டிக்கொண்டவர்கள் அந்தத் தளத்தில் முகவரியைப் பதிந்தார்கள். படகு வைத்திருந்தவர்கள் அதைப் பார்த்துப் போய் ஏற்றி வந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் சிலர் ஒரே இரவில் செய்த தளம். அது ஓடிய சர்வர் கணினி, இவள் கம்பெனியின் சென்னைக் கிளையில் இருந்தது.

தரைத்தளத்தில்.

அங்கே கிளை ஊழியன் எபினேசர் மட்டும் இருந்தான். வேறு யாரும் வந்து சேர முடியவில்லை.

தளத்தை வேறு ஊர் சர்வருக்கு மாற்றப் பார்த்தார்கள். லைன் இழுத்துக்கொண்டே இருந்தது. பாதிகூடப் போகவில்லை.

அவன் போனுக்கான டவர் காலையிலேயே விழுந்துவிட்டது; வேறு கம்பெனி போன்கள் சில மட்டும் வேலை செய்தன. சர்வருக்கு வரும் கேபிள் மட்டும் எப்படியோ பிழைத்திருந்தது. அதன் வழியாகவே இருவரும் பேசிக்கொண்டார்கள். இவள் இங்கே தட்டினால் அங்கே அவன் திரையில் விழும்.

"தண்ணி எவ்வளவு?"

"முட்டிக்கு மேல. பேட்டரிய பரண்ல ஏத்திட்டேன். சர்வர் மேசை மேல இருக்கு."

"நீ கெளம்பு எபி."

"சைட்டு அந்த சர்வருக்குக் காப்பி ஆகி முடியட்டும்க்கா."

முடியாது என்று இருவருக்கும் தெரியும்.

ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில். எதிர்க் கட்டடத்து மாடியில் யாரோ போர்வை உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

தளத்தில் முகவரிகள் வந்துகொண்டே இருந்தன. பிரசவ வலி, இரண்டாவது மாடி. நடக்க முடியாத அப்பா. ஆஸ்டல் பிள்ளைகள், சாப்பாடு இல்லை. ஒவ்வொன்றும் அவன் இருந்த அறைக்குப் போய்த்தான் படகுகளுக்குப் போனது.

"எபி?"

பதில் இல்லை.

"எபி, இருக்கியா?"

புள்ளி பச்சையாகவே இருந்தது.

அவள் இன்னொரு முறை தட்டினாள். திட்டித் தட்டினாள். மேலாளர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"சர்வர் ஓடுதுல்ல?"

"ஓடுதுங்க சார்."

"அப்புறம் என்ன?"

அவள் அவரைப் பார்த்தாள். அவருக்கே கேட்டது தப்பாகப் பட்டிருக்க வேண்டும். முகத்தைத் துடைத்துக்கொண்டு, தீயணைப்புத் துறைக்குப் போன் போட எழுந்து போனார். அந்த எண் காலையிலிருந்து கிடைக்கவில்லை.

அவள் அந்தத் தளத்தைத் திறந்தாள். அதுவரை அதை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள், மற்றவர்களைப் போல உள்ளே போனாள்.

பெயர் கேட்டது. எபினேசர் என்று அடித்தாள்.

முகவரி கேட்டது. கம்பெனி முகவரி. போன் எண் கேட்டது. தன் எண்ணைப் போட்டாள்.

எத்தனை பேர்? ஒருவர்.

வேறு தகவல்?

யோசித்தாள். 'கூப்பிட்டால் வர மாட்டார். விடாதீர்கள்.'

அனுப்பினாள். பட்டியலின் கடைசியில் அவன் பெயர் ஏறியது.

காத்திருந்தாள். டீ ஆடை கட்டியது. அவன் பெயருக்குக் கீழே வேறு பெயர்கள் வந்து சேர்ந்தன. மேலே சில பெயர்களுக்குப் பக்கத்தில் 'மீட்கப்பட்டார்' என்று விழுந்தது. பிறகு அவன் பெயருக்குப் பக்கத்தில் 'படகு போகிறது' என்று வந்தது.

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் மாறவில்லை.

பச்சை.

பச்சை.

சிவப்பு.

அறையில் மணி அடித்தது. மேலாளர் ஓடி வந்தார். அவள் மணியை அணைத்தாள். வழக்கமாகச் சிவப்பு விழுந்தால் அந்தந்தக் கிளை ஆளுக்கு முதலில் போன் போட வேண்டும். அவள் கை அந்த எண்ணைத் தானாகவே அழுத்தியது. தொடர்பு எல்லைக்கு வெளியே.

கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"மேடம், நீதான் எபினேசர்னு போட்டியா? உங்காளுதானா இது?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இன்னா மேடம், கேக்குதா? ஆளு சேஃப். மேசை மெதந்து கவுந்துச்சாம். கம்ப்யூட்டர் பொட்டிய தல மேல தூக்கிக்கினு நெஞ்சு ஆழத்துல நின்னுக்கினு கீறாரு. ஒயரு கூட புடுங்கல. கூப்டா வரமாட்டேன்றாரு. நாங்க ரெண்டு பேரா புடிச்சு இழுத்துப் போட்டோம். பொட்டியும் படகுலதான் கீது."

பதில் தட்ட அவனுக்குக் கை ஒழிந்திருக்காது.

"இரு, அவராண்ட குடுக்கறேன்."

படகின் மோட்டார் சத்தம். மழை. பிறகு நடுங்கிய குரல்.

"அக்கா. கோவிச்சுக்காதீங்க. சைட்டு வந்துடுச்சா?"

அவள் திரையைப் பார்த்தாள். சிவப்பு. திரையின் மறுபாதியில், அவள் கடைசியாகத் திறந்த பட்டியல் அப்படியே நின்றிருந்தது. தளம் நின்றுவிட்டதால், பக்கத்தை ஒருமுறை புதுப்பித்தால் அதுவும் போய்விடும். மௌசைத் தள்ளி வைத்தாள்.

"எபி, போனை அண்ணன்கிட்டக் குடு."

"அக்கா..."

"குடு சாமி."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைக்கு அருகே நகர்ந்தாள்.

"அண்ணா, போனை வெச்சுராதீங்க. உங்களுக்குப் பக்கத்துல, ராஜம் தெரு, நீலக் கேட்டு வீடு. ரெண்டாவது மாடி. பிரசவ வலிங்க."