கொழுத்த வெட்டுக்கிளி

"நோஞ்சானெல்லாம் வேண்டாம்ணே. கொழுகொழுன்னு இருக்கணும்," என்று நபோசா பரபரப்பாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் தேடினாள்.

கம்பாலாவில் வளர்ப்பு ஓணான்களுக்குத் தீனி விற்கும் லுபோவாவுக்கு உற்சாகம் தொற்றிக்கொண்டது. "எல்லாம் கேரட் தின்னு வளர்ந்த வெட்டுக்கிளிம்மா. உங்க ஓணான் எவ்வளவு பெரிசு?"

"எண்பது கிலோ."

லுபோவா விழித்தார்.

"என் புருஷனைச் சொல்றேன். இந்த வருசம் மழை ஏமாத்திடுச்சு, வெளியில ஒரு வெட்டுக்கிளிகூட பறக்கல. பொண்டாட்டி தன் கையால பிடிச்சு வறுத்துக் குடுத்தா, நம்ம ஊர் வழக்கப்படி புருஷன் புது உடுப்பு எடுத்துத் தரணும்ல? அதை விட முடியுமா?"

"கடைச் சரக்குன்னு கண்டுபிடிச்சிட மாட்டாரா?"

"மாட்டாருண்ணே. இந்த வழியைக் காட்டினதே உங்க வீட்டுக்காரம்மாதான்."

நேற்று மதியம்தான் மனைவி வறுத்த வெட்டுக்கிளியை ஒரு தட்டு தின்றுவிட்டு, கையோடு அவளுக்குப் புது உடுப்பும் எடுத்துக் கொடுத்திருந்தார் லுபோவா.