ஒரு சுள்ளி

நகருக்குள் மிச்சமிருந்த கோயில்காட்டின் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மாயழகு ஜேசிபியை உள்ளே ஓட்டினான். அவனுடைய குலசாமியின் காடு. மதியத்துக்குள் எல்லா மரத்தையும் சாய்த்துவிட்டான். கிழட்டு உசிலை மட்டும் வேரை விட மறுத்தது. இடித்து இடித்துப் பிளந்தான். வண்டியிலிருந்து குதித்தபோது அதன் சிராய் ஒன்று உள்ளங்காலில் விரல் நீளத்துக்கு ஏறியது.

“வாங்கண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்றான் லாரி டிரைவர் செல்வின்.

“இதோடயா? இங்கேருந்து ஒரு சுள்ளிகூட வெளியே போகக் கூடாதுப்பா. முந்நூறு வருஷக் கட்டுப்பாடு.”

மாயழகு உட்கார்ந்து நகத்தால் காலைக் கிழித்துத் தோண்டினான். பாதிதான் வந்தது. மீதி எலும்போரம் ஒடிந்து நின்றது.

மரங்களை ஏற்றிக்கொண்டு செல்வினின் லாரி வாசலைத் தாண்டத் தொடங்கியது.

“செல்வினு, அரிவாளைக் கொடுத்துட்டுப் போ.”