பயம் வர ஒரு மருந்து

“இவருக்குப் பயம் வர்ற மாதிரி ஒரு மருந்து எழுதிக் குடுங்க, டாக்டரம்மா.”

மனநல மருத்துவர் நளினி நிமிர்ந்து பார்த்தார். மழையில் ஜீப் மாட்டிக்கொண்டதால் வண்டூர் மருத்துவ முகாமுக்கு அவர் தாமதமாகத்தான் வந்தார். அதற்குள் சொர்ணம்மாவும் அவள் கணவர் கோவிந்தராஜும் முதல் ஆளாக வந்து, மேசைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

“பயம் போறதுக்குத்தானே எல்லாரும் மருந்து கேப்பாங்க?”

“ஊருக்கு அது வேணும், இவருக்கு இது வேணும். சுனாமி போயி ஆறு வருஷமாச்சு. இன்னும் தரை லேசா ஆடினா ‘பாகோ, பாகோ’ன்னு இந்தியில கத்திக்கிட்டு மொத்த ஜனமும் மேட்டுக்கு ஓடுது. இவரு பாயை விட்டு எந்திரிக்க மாட்டேங்கிறாரு. போன மாசம் கடல் உள்வாங்கிருச்சுன்னு ஊரே கத்துது, இவரு டீ போடவான்னு கேக்குறாரு!”

கோவிந்தராஜ் சிரித்தார். அந்தச் சிரிப்பிலும் கோளாறு எதுவும் தெரியவில்லை.

நளினிக்குத் தலை சுற்றியது. பதிவேட்டில் நோய்க்கு ஒரு பெயரும் எண்ணும் போட்டால்தான் மருந்து கிடைக்கும். பயம் அதிகமானால் எண் உண்டு. கெட்ட கனவுக்கு உண்டு. பயப்படாதவனை எந்தக் கட்டத்தில் அடைப்பது?

“தூக்கம் வருதா?”

“படுத்தா போதும்.”

“சாப்பாடு?”

“மீன் இருந்தா ரெண்டு கை கூடவே.”

“செத்துடலாம்னு எப்பவாவது தோணுமா?”

“எதுக்கு? வாழை இப்பத்தான் குலை தள்ளியிருக்கு.”

மனச்சோர்வு என்று எழுதியதை நளினி அடித்தார். மனச்சிதைவு? மனிதர் நம்மைவிடத் தெளிவாகப் பேசுகிறாரே!

“அம்மா, கொஞ்சம் வெளியே இருங்க. இவர்கிட்ட தனியா பேசணும்.”

“நான் எங்கயும் போறதா இல்ல. எதுவா இருந்தாலும் என் முன்னாடியே கேளுங்க.”

பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டார் நளினி. “சரி, நீங்க மேட்டுக்கு ஓடுவீங்களா?”

“என் கதை எதுக்கு? சீக்காளி இவருதான்.” சொர்ணம்மாவின் குரல் உடைந்தது. “அடுத்த தடவை தண்ணி வந்தா இவரு போயிருவாரு. எப்படியாவது இவரைப் பொழைக்க வைங்க, டாக்டரம்மா.”

நளினிக்குப் பாவமாக இருந்தது. நோய்ப் பட்டியல் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, பேரிடர் அதிர்ச்சியில் உணர்வு மரத்துப்போன நிலை என்று ஒருவழியாக எழுதி எண்ணைப் போட்டார். சீட்டில் ஒரு மாத்திரையும் எழுதினார்.

“அடுத்த மாசம் ரெண்டு பேரும் வாங்க.”

கோவிந்தராஜ் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். மனைவியின் முன்னால் குனிந்தார்.

“கழுத்தைப் பிடிச்சுக்க, சொர்ணம்.”

முதுகில் ஒரு கை, முழங்காலுக்கு அடியில் ஒரு கை கொடுத்து அவளைத் தூக்கினார். அவளுடைய இரண்டு கால்களும் துவண்டு தொங்கின.

“சுனாமியில சுவர் விழுந்ததுலேருந்து இப்படித்தான்,” என்றார் மூச்சு வாங்க. “இவளை ஆட்டோ வரைக்கும் தூக்கிருவேன். மேட்டுக்குத்தான் முடியல.”

நளினி, எழுதியதை அடிக்கப் பேனாவை எடுத்தார்.

கணவரின் தோளுக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்த சொர்ணம்மா பதறினாள்.

“அடிச்சிராதீங்க, டாக்டரம்மா! இவரு ஓடணும்.”