தொட்டி விடாத ஒரு முழம்

ஒரு சின்ன நகராட்சி. அங்கே கரண்ட் தரும் என்ஜினும் தண்ணீர் ஏற்றும் பம்பும் ஒரே நாளில் வந்தவை. யார் மூத்தவன் என்று முப்பது வருடச் சண்டை. அவை வந்ததற்கு அடுத்த வருடம் வந்த மேல்தொட்டி அந்தச் சண்டையில் சேராது. அடியில் ஒரு முழம் தண்ணீரை மட்டும் யாருக்கும் விடாது. இரண்டும் அதைக் கஞ்சன் என்றன.

புயலில் மரம் விழுந்து என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் டிரம் உடைந்தது. என்ஜின் நின்றது, பம்பும் நின்றது. டிரம்மை ஒட்டிவிட்டார்கள், ஊற்றத் தண்ணீர் இல்லை. ஆஸ்பத்திரிக் குழாயும் காய்ந்துவிட்டது.

"ஓடேன்டா," என்றது பம்பு.

"சூடு தணியத் தண்ணி வேணும். நீ முதல்ல ஏத்து."

"கரண்ட் இல்லாம எப்படி ஏத்த? நீதானே மூத்தவன், ஆரம்பி."

"சேச்சே, நீதான்ப்பா மூத்தவன்."

தொட்டிக்குப் பொறுக்கவில்லை. "முடிஞ்சுதா? பிடி!" என்று தன் ஒரு முழத்தையும் டிரம்முக்குத் திறந்துவிட்டது.

என்ஜின் இருமிக்கொண்டே ஓடியது. பம்பு சுழன்றது. ஏறிய தண்ணீரைத் தொட்டி தேக்காமல் அப்படியே விட, மத்தியானமே ஆஸ்பத்திரியில் தண்ணீர் கொட்டியது.

"அண்ணே, போதுமா?" என்று பம்பு மேலே பார்த்துக் கேட்டது.

"உனக்கு இளையவன்டா நான்," என்றது தொட்டி. "நிறுத்தாதே. என் ஒரு முழம் இன்னும் வரல."